நொய்யல் கரைக்கு முதல் ரயில் எந்தப் பக்கமிருந்து வந்தது?



நொய்யல் கரைக்கு முதல் ரயில் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டால், இந்த அவையில் பெரும்பாலோர் கிழக்கே கை காட்டுவீர்கள். மதராஸில் புறப்பட்டு, சேலம் தாண்டி, ஈரோட்டில் காவிரியைக் கடந்து வந்திருக்கும் என்பதுதான் நம் எல்லோருடைய எண்ணமும். நடந்தது வேறு. மேற்கே பட்டாம்பியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போத்தனூர் வரை பாதை திறந்தது 1862 ஏப்ரல் 14 அன்று. சங்ககிரியிலிருந்து ஈரோடு, திருப்பூர் வழியாக வந்த கிழக்குப் பாதை போத்தனூரைத் தொட்டது மே 12 அன்று. நான்கே வார வித்தியாசம்தான். ஆனாலும் நம் ஊர்ப் பக்கம் முதலில் கூவிய எஞ்சின் அரபிக்கடல் பக்கமிருந்து வந்தது என்பதை நாம் மறந்தே போனோம்.

மறந்த ரயில் பாதை என்றால் தண்டவாளம் பெயர்த்து, முள் முளைத்துக் கிடக்கும் தடம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அப்படிப்பட்ட தடங்களும் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் இன்றைக்கும் நாளெல்லாம் வண்டி ஓடுகிற பாதை ஏன் அந்த இடத்தில் ஓடுகிறது என்பதை ஊரே மறந்துவிட்டால், அதுவும் மறந்த பாதைதான் என்பது என் கட்சி. கோயம்புத்தூரில் அந்த வகை மறதியே அதிகம்.

முதலில் போத்தனூர். மதராஸ் ரயில்வே கம்பெனிக்குக் கோயம்புத்தூர் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. கீழைக்கடலையும் மேலைக்கடலையும் ஒரு கோட்டில் இணைப்பதுதான் அவர்கள் நோக்கம். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் ஓடத் தொடங்கிய பாதை, கோழிக்கோட்டுக்குத் தெற்கே பேப்பூரில் முடிய வேண்டும். போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வட்டி கிடைக்கும் என்று அரசாங்கமே உத்தரவாதம் கொடுத்திருந்த காலம் அது. படை நகரவேண்டும், பஞ்சு நகரவேண்டும், கடலிலிருந்து கடலுக்கு நேர்வழி வேண்டும். வரைபடத்தில் ஈரோட்டையும் பாலக்காட்டுக் கணவாயையும் வைத்துக் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு இருகூர், போத்தனூர் பக்கமாகவே போகும். நம் பேட்டையும் ஒப்பணக்காரத் தெருவும் வடக்கே ஒதுங்கி நிற்கும். 1871 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை சுமார் 35,000தான். ஆலைகள் ஒன்றும் வரவில்லை. ஊருக்காகக் கோட்டை வளைக்க யாருக்கும் அவசியம் இல்லை.

ஆகவே போத்தனூர் ஜங்ஷன் ஆயிற்று. ரயில்வே குடியிருப்பு வந்தது, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வந்தன. அதே 1862இல்தான் ஸ்டேன்ஸ் பள்ளியும் தொடங்கியது. நூறாண்டுக்கு மேல் போத்தனூர் ரயில்வேக்காரர்களின் ஊராக இருந்தது. 1956இல் கோட்டத் தலைமை ஒலவக்கோட்டுக்குப் போனது. சிக்னல் பணிமனை மட்டும் இன்றும் நிற்கிறது.

இதில் எனக்கு மிகவும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அந்த முதல் நெடும்பாதையின் இரண்டு முனைகளும் இன்று முனைகளாக இல்லை. கிழக்கு முனை இராயபுரம், சென்ட்ரல் நிலையத்துக்குப் பெருமையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியது. மேற்கு முனை, பேப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் சாலியம். 1888இல் பாதை கோழிக்கோட்டுக்கு நீண்டதும் சாலியத்துக் கிளை கைவிடப்பட்டது. நடுவில் இருந்த பெரிய ஜங்ஷனான போத்தனூரும் பிற்காலத்தில் கோயம்புத்தூருக்கு இடம் விட்டது. தலை, கால், இடுப்பு மூன்றும் இடம் மாறிய பாதை. இடைப்பட்ட தண்டவாளம் மட்டும் பெரும்பாலும் அதே கோட்டில் இருக்கிறது.

கோயம்புத்தூருக்கு ரயில் வந்தது 1873இல், அதுவும் கிளைப்பாதையாக. போத்தனூரிலிருந்து கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையம் வரை. அந்தக் கிளையும் நமக்காகப் போட்டதல்ல. நீலகிரிக்குப் போகும் துரைமார்களுக்காக, மலையிலிருந்து இறங்கும் காப்பிக்கும் தேயிலைக்குமாகப் போட்டது. மேட்டுப்பாளையத்தில் இறங்கி மாட்டுவண்டியிலோ குதிரைவண்டியிலோ மேலே போவார்கள். பல்சக்கர மலை ரயில் குன்னூரைத் தொட்டது 1899இல்; உதகமண்டலத்தை அடைய 1908 ஆயிற்று. அந்த மலை ரயிலைப் பற்றி நூல்கள் நிறைய இருக்கின்றன, 2005இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன். மலையடிவாரம் வரை வரும் அடிப்பாதையைப் பற்றித்தான் எழுதியவர் இல்லை.

இப்போது ஆலைகளைச் சேர்த்துப் பாருங்கள். 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை. 1910இல் லட்சுமி மில். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் வரிசையாக எழுந்த ஆலைகள். இந்தத் தொழில் நகரம் முழுவதும் ஒரு கிளைப்பாதையின் மேல் வளர்ந்த நகரம். பெரிய பாதை நான்கு மைல் தெற்கே போய்க்கொண்டிருந்தது. பிறகுதான் இருகூரிலிருந்து சிங்காநல்லூர், பீளமேடு, வடகோவை வழியாக ஊருக்குள் வரும் பாதை போடப்பட்டது. அதற்குப் பின்னும், சில நீண்டதூர வண்டிகள் நம் நிலையத்துக்குள் வராமல் இருகூரிலிருந்து நேராகப் போத்தனூருக்குப் போகின்றன என்று நம் வணிகர்கள் எத்தனை ஆண்டுகள் மனுக் கொடுத்திருக்கிறார்கள்! நிலைய அதிகாரியிடம் கோபப்பட்டுப் பயனில்லை. 1862இல் இழுத்த கோடு அது.

அந்த இருகூர்–போத்தனூர் துண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஊருக்கு வெளியே, வாழைத்தோப்புக்கும் பட்டறைகளுக்கும் நடுவே ஓடும் அந்தப் பாதையில் இரண்டு பெரிய நிகழ்ச்சிகளின் சுவடு இருக்கிறது. 1942 ஆகஸ்டில் சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் போர்த்தளவாடம் ஏற்றிவந்த சரக்கு வண்டி கவிழ்க்கப்பட்டது. அதே மாதம் சூலூர் விமானத்தளம் எரிந்தது. சூலூரைப் பலர் அறிவார்கள். வண்டி கவிழ்ந்தது எந்தப் பாதையில் என்று கேட்டால் தெரியாது. அன்று மேற்குக் கடற்கரைக்குப் போகும் தளவாடம் நம் நிலையத்துக்கு வரவேண்டிய தேவையே இல்லை என்பதை அறிந்தால்தான் அது ஏன் சிங்காநல்லூரில் நடந்தது என்பது விளங்கும்.

இன்னொன்று அதற்கு முன்னே, 1921 நவம்பரில். மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்ட கைதிகளை, ஏறத்தாழ நூறு பேரை, காற்றுப் புகாத ஒரு சரக்குப் பெட்டியில் அடைத்து, திரூரில் ரயிலில் இணைத்துக் கிழக்கே அனுப்பினார்கள். பெட்டியைத் திறந்தது போத்தனூரில். உள்ளே மூச்சு முட்டிச் செத்தவர்கள் ஐம்பதுக்கு மேல். பிழைத்தவர்களிலும் சிலர் பின்னர் இறந்து, எண்ணிக்கை எழுபதை நெருங்கியது. நாப் என்பவர் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. திரூரில் நினைவு மண்டபம் இருக்கிறது. கேரளப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேகன் துயரம் தெரியும். கதவு திறந்த ஊர் நம்முடையது. நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. போத்தனூர் நிலையத்துக்குப் போகிற மாணவர்கள் இதை அறிந்து போகவேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இனிப் பாலங்கள். நான் முக்கியமாகப் பேச வந்தது இதைத்தான்.

சாலை போடுகிறவருக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. பள்ளம் வந்தால் இறங்கலாம், மேடு வந்தால் ஏறலாம், வெள்ளம் வந்தால் ஒரு நாள் நின்றுபோகலாம். ரயில்காரருக்கு அது இல்லை. நூறடிக்கு ஓரடி ஏற்றமே பழைய நீராவி எஞ்சினுக்குப் பெரிய சுமை. அதனால் மேட்டை வெட்டவேண்டும், பள்ளத்தில் மண்மேடு கட்டவேண்டும். மண்மேடு கட்டினால் அது தண்ணீருக்குக் குறுக்கே நிற்கும் கரையாகிவிடும். தண்ணீர் வரும் ஒவ்வொரு இடத்திலும் வாய் வைக்காவிட்டால் முதல் ஐப்பசி மழையிலேயே மண் கரைந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும். ஆகவே அந்தக் காலத்துப் பொறியாளர்கள் பாலத்துக்கு அளவு குறிக்கும் முன் ஊர்க்காரர்களைக் கேட்டு உச்ச வெள்ளக் குறியைத் தெரிந்துகொண்டார்கள். எந்த மரத்தின் எந்த மட்டம் வரை தண்ணீர் ஏறியது, எந்தக் கோயில் படி முழுகியது என்று விசாரித்துக் குறித்தார்கள். அதற்கேற்பக் கண்களின் எண்ணிக்கையும் அகலமும் வைத்தார்கள்.

அதனால் பழைய ரயில் பாலம் ஒவ்வொன்றும் நீர்வழிக்கான வாக்குமூலம். கருங்கல் தூண், செங்கல் வளைவு, சுண்ணாம்புச் சாந்து, இவற்றின் அழகைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். பேச ஆசையும் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய மதிப்பு அதன் அளவில் இருக்கிறது. இன்று மூன்றடி சாக்கடை ஓடும் இடத்தில் ரயில் பாலம் மூன்று கண்ணோடு நின்றால், பாலம் கட்டியவர் கணக்குத் தப்பியது என்று நினைக்கவேண்டாம். நாம் ஓடையை விழுங்கியிருக்கிறோம்.

கோயம்புத்தூரில் இதைப் பார்க்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. சங்கனூர்ப் பள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடமேற்கு மலையடிவாரத்துத் தண்ணீரைக் கொண்டு வந்து ஊரைக் குறுக்கே கடந்து சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் சேர்க்கும் ஓடை அது. மேட்டுப்பாளையம் பாதையையும் பீளமேட்டுப் பாதையையும் தாண்டித்தான் போகவேண்டும். பாதைக்கு மேலேயும் கீழேயும் ஓடையின் அகலத்தை அளந்து, பாலத்தின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் கரை உள்ளே வந்திருக்கிறது என்பதைப் பாலமே சொல்லும். நீதிமன்றத்தில் ஆக்கிரமிப்பு வழக்கு நடக்கும்போது வருவாய்த்துறை வரைபடத்தைக் காட்டுகிறார்கள். ரயில் பாலத்தின் கட்டுமான வரைபடத்தையும் காட்டவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

போத்தனூரிலிருந்து ஜங்ஷனுக்கு வரும் பாதை நொய்யலைக் கடந்து, வாலாங்குளத்து ஓரமாக ஊருக்குள் நுழைகிறது. நொய்யலை இந்தப் பாதை ஒருமுறை கடக்கிறது. இருகூரிலிருந்து போத்தனூருக்குப் போகும் பாதை கீழே ஒருமுறை கடக்கிறது. ஒரே ஆற்றின் மேல் சில மைல் இடைவெளியில், 11 ஆண்டு இடைவெளியில் அமைந்த இரண்டு கடவைகள். நடுவில் எத்தனை குளங்களுக்கு வாய்க்கால் பிரிகிறது என்பதை வைத்து இரண்டின் நீர்வழி அளவையும் ஒப்பிட்டால், 19ஆம் நூற்றாண்டில் நம் குளச்சங்கிலி எவ்வளவு தண்ணீரை வாங்கி வைத்தது என்பதற்கு ஒரு கணக்குக் கிடைக்கும். சிவில் பொறியியல் மாணவர் யாராவது இதை ஆய்வாக எடுத்தால், நான் உடன் நடக்கத் தயார்.

லங்கா கார்னர், கிக்கானி பள்ளி அருகே உள்ள பாலம், அவினாசி சாலை மேம்பாலத்துக்குக் கீழே. பெருமழை பெய்தால் பேருந்து முழுகிய படம் மறுநாள் பத்திரிகையில் வரும் இடங்கள் இவை. இவற்றில் பழி ரயில் பாலத்தின் மேல் விழுகிறது. உண்மையில் ரயில் மட்டம் அப்படியே இருக்க, சாலையைத்தான் கீழே குடைந்து கொண்டுபோயிருக்கிறோம். ஊரின் மேற்குப் பாதிக்கும் கிழக்குப் பாதிக்கும் நடுவே அந்த மண்மேடு வடக்குத் தெற்காகக் கரைபோல நிற்கிறது. ஒருபக்கம் டவுன்ஹாலும் பேட்டையும், மறுபக்கம் ரேஸ்கோர்ஸும் புது ஊரும். தண்ணீர் முன்பு தன் வழியில் எந்தெந்தக் கண்ணால் போனது, அதில் எது அடைபட்டது என்று பார்க்காமல் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால் வருடாவருடம் இறைக்கத்தான் வேண்டும்.

தடம் தேடுவது எப்படி என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கண்ணுக்குப் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். கொங்கு நாட்டில் வண்டித்தடமும் இட்டேரியும் வேலியோரம் வளைந்து வளைந்து போகும். காட்டுக்காரருக்குக் காட்டுக்காரர் விட்டுக்கொடுத்த வழி அது. ரயில் தடம் அப்படி வளையாது. நீளமான நேர்கோடு, பிறகு மிக மெல்லிய வளைவு, மறுபடி நேர்கோடு. விண்கோள் படத்தில் தோட்டங்களை அறுத்துக்கொண்டு போகும் அப்படியொரு கோடு தெரிந்தால் அங்கே போய் நிற்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேட்டுப் பார்க்கவேண்டும். ‘ரயில்வே புறம்போக்கு’ என்று ஒரு புல எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எல்லைக் கற்களில் எம்.ஆர். என்றோ எஸ்.ஐ.ஆர். என்றோ செதுக்கியிருக்கிறதா பாருங்கள். முன்னது மதராஸ் ரயில்வே, பின்னது தென்னிந்திய ரயில்வே. 1908இல் மதராஸ் ரயில்வேயின் இந்தப் பகுதி தென்னிந்திய ரயில்வேக்குக் கைமாறியது. ஆகவே எழுத்தை வைத்துக் கல்லின் வயதைச் சொல்லலாம். பழைய தண்டவாளத்தை எங்கும் வீணாக்கமாட்டார்கள். வேலிக்கம்பமாக, கேட்டுத் தூணாக, வீட்டு உத்திரமாக நிற்கும். அதன் இடுப்பில் உருட்டிய ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பாக இருக்கும். சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு வாசிக்கலாம். இவையெல்லாவற்றையும்விட நல்ல சான்று, ஓய்வுபெற்ற கேங்மேன்களும் கீமேன்களும். சுத்தியலோடு தினம் தன் பகுதியை நடந்தே பார்த்தவருக்கு, எந்தப் பாலத்தில் மழைக்காலத்தில் அரிக்கும், எந்த வளைவில் சாவி கழலும் என்பது மனப்பாடம். அவர்களில் பலர் எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நம் காலத்திலேயே கண்முன் மறைந்த ஒரு ரயில் உலகம் மீட்டர் கேஜ். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915இல் மீட்டர் கேஜ் வந்தது. பொள்ளாச்சி–திண்டுக்கல் 1928இல், பொள்ளாச்சி–பாலக்காடு 1932இல். பொள்ளாச்சிச் சந்தையின் வெல்லமும் தேங்காயும், உடுமலைப் பருத்தியும், தைப்பூசத்துக்குப் பழனி போகும் கூட்டமும் அந்தச் சிறிய பெட்டிகளில்தான் போயின. கோவையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நேர் வண்டி ஓடியது. எதற்காக இந்தப் பாதை மீட்டர் கேஜில் வந்தது? தெற்கே மதுரை, திண்டுக்கல் பக்கம் முழுவதும் மீட்டர் கேஜ். அதோடு சேரவேண்டிய பாதை. அதனால் போத்தனூரில் இரண்டு உலகமும் முட்டிக்கொண்டன. ஒரு பக்கம் 1676 மில்லிமீட்டர், மறுபக்கம் 1000 மில்லிமீட்டர். சரக்கு மாறவேண்டுமானால் மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்றவேண்டும். அந்தச் சுமைக்கூலியில் பிழைத்த குடும்பங்கள் எத்தனை!

1992இல் நாடெங்கும் ஒரே கேஜ் என்ற திட்டம் வந்தது. காரணம் சரியானது, அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நம் பாதைகளின் முறை 2008–09இல் வந்தது. பொள்ளாச்சிப் பாதை மூடப்பட்டு, போத்தனூர்–பொள்ளாச்சி அகலப்பாதையாகத் திறந்தது 2017இல். நாற்பது கிலோமீட்டர் பாதைக்கு அத்தனை ஆண்டு. வண்டி இல்லாத அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை பேருந்துக்குப் பழகிவிட்டது. ராமேஸ்வரம் வண்டியைத் திரும்பக் கேட்டு இன்றும் பயணிகள் சங்கங்கள் மனுக் கொடுக்கின்றன. கோவை நிலையம் சேலம் கோட்டத்தில், பொள்ளாச்சி பாலக்காட்டுக் கோட்டத்தில், பழனி மதுரைக் கோட்டத்தில். கேட்கும் மனு மூன்று கோட்டங்களைத் தாண்டவேண்டியிருக்கிறது.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். கேஜ் மாற்றத்தின்போது பழைய பாலங்களைப் பெயர்ப்பதற்கு முன் முறையாகப் படமெடுத்து, அளந்து, பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு நூலகத்தில் வைத்திருக்கலாம். ஒப்பந்தக்காரரின் வேலையில் ஒரு வார வேலை அது. அதைக் கேட்டு எழுதியவர்கள் நம்மில் எத்தனை பேர்? ரயில்வேயை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பொறியியல் கல்லூரிகள் அந்தப் பாதையின் இருபுறமும் இருந்தன.

ஈரோட்டுக்கு இன்னும் விநோதமான கதை. திருச்சியிலிருந்து கரூர் வழியாக 1868இல் ஈரோட்டை அடைந்த பாதை முதலில் அகலப்பாதை. 1870களில் அதைக் குறுக்கி மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். 1929 வாக்கில் மறுபடி அகலமாக்கினார்கள். ஒரே மண்மேடு, இரண்டு முறை தண்டவாளம் மாறியது. கொடுமுடிப் பக்கம் காவிரியோரம் அந்தப் பாதையில் போகும்போது, பாலத்துத் தூண்கள் மேலே உள்ள கர்டருக்குப் பொருந்தாமல் அகலமாகவோ குறுகலாகவோ இருந்தால் நின்று கவனியுங்கள்.

பழைய சேலம் மாவட்டத்தின் வடக்கே போனால் உண்மையாகவே பெயர்த்தெடுத்த பாதைகள். 1876–78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, தானியம் கொண்டுபோக வழியில்லாத வறண்ட பகுதிகளுக்கு ரயில் வேண்டும் என்று பஞ்சக் கமிஷன் சொல்லியது. அந்த எண்ணத்தில் போட்டவை 762 மில்லிமீட்டர் குறும்பாதைகள்: திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல், மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல், அது 1913இல் ஓசூர் வரை நீண்டது. மோட்டார் பஸ் வந்ததும் வருமானம் விழுந்தது. போர் வந்ததும் இரும்புக்குத் தேவை வந்தது. 1941க்குள் இரண்டும் இல்லாமல் போயின. தர்மபுரிக்காரர்கள் மொரப்பூர் பாதையைத் திரும்பக் கேட்டுக் கேட்டு, 2019இல்தான் புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 36 கிலோமீட்டருக்கு மீண்டும் நிலம் எடுக்கவேண்டும். பழைய தடத்து நிலம் முழுதும் ரயில்வே கையிலேயே இருந்திருந்தால் எத்தனை குடும்பங்களுக்கு இந்த மனக்கலக்கம் வந்திருக்காது! தண்டவாளத்தைப் பெயர்ப்பது சில மாத வேலை. தடத்தை இழந்தால் மீட்க ஒரு நூற்றாண்டு ஆகிறது.

ஆனைமலைப் பக்கம் மற்றொன்று. டாப்ஸ்லிப் தாண்டிப் பரம்பிக்குளம் போனவர்கள் அங்கே காட்டு டிராம் வண்டியின் மிச்சங்களைப் பார்த்திருக்கலாம். கொச்சி சமஸ்தானம் தன் காட்டுத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கப் போட்ட பாதை, சுமார் 80 கிலோமீட்டர், 1907 முதல் 1963 வரை ஓடியது. சரிவுகளில் எஞ்சின் இல்லை. கம்பி வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்க, அதன் பாரத்தில் மறுமுனையில் காலி வண்டி மேலே ஏறும். பறவையியல் அறிஞர் சலீம் அலி 1933இல் கொச்சி, திருவிதாங்கூர்ப் பறவைக் கணக்கெடுப்புக்கு வந்தபோது இந்தப் பாதையிலுள்ள குரியார்குட்டியில் தங்கினார். அது கேரளத்தின் பாதை என்றாலும், இன்று சாலை வழியாக அங்கே போக நம் பொள்ளாச்சி, சேத்துமடை வழியைத்தான் பிடிக்கவேண்டும். சாலக்குடிக்காரர்கள் அதை ஆவணப்படுத்த முனைப்போடு வேலை செய்கிறார்கள். அவர்களோடு நம் பொள்ளாச்சிக் கல்லூரிகள் கைகோக்கலாம்.

போடாத பாதையும் உண்டு. ஈரோட்டிலிருந்து சத்தியமங்கலம் வழியாக மலையேறிச் சாமராஜநகருக்கு ஒரு பாதை வேண்டும் என்பது வெள்ளைக்காரர் காலத்துப் பேச்சு. எத்தனையோ சர்வே நடந்தது. இன்று அது புலிகள் காப்பகம். போடாததே நல்லது என்று நான் நினைக்கிறேன். சத்தியமங்கலத்துக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்றும் தெரியும். என் காரணத்தை மதுக்கரையில் காட்டுகிறேன்.

மதுக்கரையிலிருந்து எட்டிமடை, வாளையாறு வழியாகக் கணவாய்க்குள் போகும்போது பாதை ஏ லைன், பி லைன் என்று இரண்டாகப் பிரிந்து தனித்தனித் தடத்தில் போகிறது. பி லைன் காட்டுக்குள் இன்னும் ஆழமாகப் புகுந்து போகிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. அதற்கு முன்னும் எத்தனையோ இறந்திருக்கின்றன. கோட்டை இழுத்தவர்கள் ஓடைக்கு வாய் வைத்தார்கள், யானைத்தடத்துக்கு வைக்கவில்லை. அது அன்றைய கணக்கில் இல்லை. 2024 பிப்ரவரியில் வனத்துறை அங்கே கோபுரங்கள் நட்டு, வெப்பத்தை உணரும் கேமராக்களால் யானை வருவதைக் கண்டு ஓட்டுநருக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கியது. ரயில்வேயும் தண்டவாளத்துக்கு அடியில் யானை கடக்கச் சுரங்கவழிகள் இரண்டு கட்டியிருக்கிறது. கணவாயில் பாதை போட்டு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், நீருக்கல்லாமல் உயிருக்காக அங்கே கட்டிய பாலங்கள் அவை. அவற்றின் வரைபடமும், எந்த இடத்தைத் தேர்ந்தார்கள், ஏன் தேர்ந்தார்கள் என்ற குறிப்பும் இன்றே பாதுகாக்கப்படவேண்டும்.

இந்தக் கல்லூரிக்கு நான் ஒரு திட்டத்தை முன்வைக்கிறேன். வடகோவைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை வழியாகப் போகும் 1873ஆம் ஆண்டுப் பாதை இன்னும் ஒற்றைப் பாதைதான். அதை இரட்டையாக்கவேண்டும் என்ற கோரிக்கை வலுத்துவருகிறது, ஆகவும் வேண்டும். வேலை தொடங்குமுன், ரயில்வேயின் முறையான அனுமதி பெற்று, அந்தப் பாதையின் ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு தாள் தயாரியுங்கள். பாலத்தின் எண், கண்கள் எத்தனை, ஒவ்வொன்றின் அகலம், உயரம், கல்லா செங்கல்லா, கீழே ஓடும் ஓடைக்கு ஊரார் வழங்கும் பெயர், அது எந்தக் குளத்துக்குப் போகிறது, ஓடையின் இன்றைய அகலம், நான்கு பக்கமிருந்து படம். தண்டவாளத்தில் ஏறவேண்டாம், கீழே ஓடைக்குள் நின்றே இவ்வளவும் அளக்கலாம். ஓடையின் பெயரை மட்டும் அங்கே மாடு மேய்க்கும் பெரியவரிடம் கேளுங்கள், வரைபடத்தில் தேடவேண்டாம். ஒரு பிரதியை நூலகத்திலும், ஒன்றை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், ஒன்றை அந்தந்த ஊராட்சியிலும் வையுங்கள். கோடை விடுமுறையில் ஓடைகள் வற்றியிருக்கும்போது தொடங்கினால், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துவிடலாம். மழை பெய்யும்போது அதே இடங்களுக்கு மறுபடி போய், தண்ணீர் எந்த மட்டம் வரை வருகிறது என்பதையும் அந்தத் தாளில் குறித்துக்கொள்ளலாம்.